குளத்து மடையைப் பேரவைக் கேள்வியாக்குவது எப்படி: நெல்லைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் குளம் 18ஆம் தேதி விடியுமுன் உடைந்தது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பெரிய மடை இருந்த இடத்தில் லாரி நுழையும் அளவுக்குத் திறப்பு. மணல் மூட்டை அடுக்கினார்கள். மூட்டை தாங்கிய தண்ணீர் மேல்வயல்களுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. கீழே எனக்கிருக்கும் ஒரு கோட்டை விதைப்பாடு நிலமும் சேர்ந்து, குளத்துத் தண்ணீரை நம்பிய நிலமான ஆயக்கட்டில் பாதி, பிசானம் என்ற நெல் பருவம் இரண்டுக்குத் தரிசாகக் கிடந்தது.

அந்த மடையைக் கட்டவைக்க நாங்கள் அலைந்த அலைச்சலில் முதல் ஒரு வருடம் முழுக்க வீண். யாரும் எங்களை விரட்டவில்லை. போன இடமெல்லாம் உட்காரவைத்துத்தான் பேசினார்கள். தவறான இடத்தில், தவறான காகிதத்தோடு நின்றோம், அவ்வளவுதான். அமைச்சர் சட்டமன்றப் பேரவைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் பேரவையில் கேட்க வேண்டிய கேள்வியை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான் என்பது எங்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது. உங்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில், இது எந்த அவைக்குரிய விஷயம் என்று பாருங்கள்

நாங்கள் முதலில் போனது ஒரு எம்.பி. அலுவலகத்துக்கு. 64 கையெழுத்தோடு மனு. வாங்கிக்கொண்டார்கள், கடிதமும் எழுதினார்கள். ஐந்து மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. குளமும் பாசனமும் மாநில அரசின் பொறுப்பு. ஒன்றிய அரசின் பொறுப்பில் முதன்மையாக வராத விஷயத்தை மக்களவையில் கேள்வியாக ஏற்கவே மாட்டார்கள்.

குளம், கால்வாய், ஆரம்ப சுகாதார நிலையம், அரசுப் பேருந்து, அரசுப் பள்ளி, ரேஷன் கடை எல்லாம் சட்டமன்றத்துக்கு. ரயில், அஞ்சலகம், தேசிய நெடுஞ்சாலை, வருங்கால வைப்பு நிதி, கூடங்குளம் அணுமின் நிலையம், பீடித் தொழிலாளர் நல மருத்துவமனை எல்லாம் நாடாளுமன்றத்துக்கு.

மாநில விஷயம் என்று முடிவானாலும் எந்த அமைச்சர் என்பதில் அடுத்த குழி இருக்கிறது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள குளம் நீர்வளத்துறையைச் சேரும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், அதாவது ஊரக வளர்ச்சித் துறை. குளம் பார்வைக்குக் கடல் மாதிரி விரிந்து கிடந்தாலும் ஆயக்கட்டுக் கணக்குதான் பேசும். உங்கள் ஊரில் குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கென்று இருக்கும் சில சிக்கல்கள்:

ஆலங்குளம் தொகுதிக்காரர்கள் இருப்பது தென்காசி மாவட்டத்தில். ஆனால் அவர்களுடைய எம்.பி. திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்காரர். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், ஆலங்குளம் ஆகிய ஆறும் சேர்ந்ததுதான் அந்தத் தொகுதி. ஆகவே ஆட்சியர் மனு தென்காசிக்கும் எம்.பி. மனு நெல்லைத் தொகுதிக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒரே கவரில் போட்டு ஒரே ஊருக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

ரயில்வேயிலும் இப்படித்தான். திருநெல்வேலி சந்திப்பு மதுரைக் கோட்டத்தில் இருக்கிறது. நாங்குநேரி, வள்ளியூர் நிலையங்கள் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கின்றன. வள்ளியூர் நடைமேடைக்காக மதுரைக்கு ஆர்டிஐ என்ற தகவல் உரிமை மனு போட்டால் ஒரு மாதம் போகும்.

2. கேள்விக்கு முன்னால் கோப்பு: என்னென்ன காகிதம் வேண்டும்

ஒரு பிளாஸ்டிக் கோப்புறை வாங்குங்கள். கீழே சொல்பவை அதில் சேராமல் எந்த மக்கள் பிரதிநிதியின் வாசலுக்கும் போகாதீர்கள்.

முதலாவது, நிலம் அரசுக்குரியது என்பதற்கான ‘அ’ பதிவேட்டு நகல். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் கட்டணமில்லாமல் எடுக்கலாம். குளம் புறம்போக்கு என்று அதில் பதிவாகியிருக்கும். எங்கள் குளத்துக்கு மூன்று சர்வே எண்கள். ஒன்றை மட்டும் போட்டு முதல் மனு கொடுத்ததால் மடை இருக்கும் எண் விட்டுப்போய்விட்டது. மடை எந்த சர்வே எண்ணில் நிற்கிறது என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கிராம சபைத் தீர்மானம். இதன் மதிப்பு பலருக்குத் தெரியவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அன்றைக்குப் போய் விஷயத்தைச் சொன்னால் மட்டும் போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை அங்கேயே இருங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு நகல் கேளுங்கள். 64 பேர் கையெழுத்தை விட ஒரு தீர்மான எண் கனமானது என்பதை நான் இரண்டு அலுவலகங்களில் கண்ணால் பார்த்தேன். ஊராட்சி அதிகாரபூர்வமாகக் கேட்ட விஷயம் என்று ஆகிவிடுகிறது.

மூன்றாவது, ஆட்சியரிடம் மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டு. திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். விவசாயிகளுக்கென்று மாதாந்திரக் கூட்டம் தனியாக உண்டு. மனு எண் உள்ள சீட்டை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். எங்களோடு வந்த ஒரு பெரியவர், ‘‘கையில குடுத்துட்டேன், அவரு வாங்கிக்கிட்டாரு, அது போதும்’’ என்று சீட்டு வாங்காமலே வந்துவிட்டார். அவர் மனு எங்கே போனது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

தேதி தெரியும் போட்டோக்கள், பத்திரிகைச் செய்தி இருந்தால் அதன் நகல் இவற்றையும் வையுங்கள். போட்டோவில் மடையின் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும், அப்போதுதான் அளவு புரியும்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம். அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையைத் தெரிவிக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது. ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் தேடி 500 ரூபாய் கொடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

3. ஆர்டிஐ போட்டுத் தேதிகளைப் பிடியுங்கள்

எங்கள் வேலை திரும்பிய இடம் இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் மனுவின் மேலே நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முத்திரைத்தாள் விற்பவர்களிடம் கிடைக்கும். ஒன்றிய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர் வையுங்கள். மாற்றி வைத்தால் மனு திரும்பி வரும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் தராவிட்டால் பிறகு தரும் நகலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் முதல் ஆர்டிஐ மனுவில் ‘ஏன் இன்னும் மடையைக் கட்டவில்லை?’ என்று கேட்டேன். ‘தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறையில் வராது’ என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவைத்தான் கேட்க முடியும், காரணம் கற்பிக்கச் சொல்ல முடியாது. இரண்டாவது மனுவை இப்படி எழுதினேன்:

‘மேற்படி மடையைச் சீரமைக்க 18-12-2023க்குப் பிறகு தயாரித்த மதிப்பீட்டின் நகல். அந்த மதிப்பீடு மேல் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் நகல். அதன்மீது மேல் அலுவலகம் எழுதிய கடிதங்கள் அனைத்தின் நகல். கோப்பின் இன்றைய நிலையைக் காட்டும் குறிப்புப் பக்கங்களின் நகல்.’

30 நாள் கழிந்தும் பதில் இல்லை. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. மேல்முறையீடு போட்ட மூன்றாவது வாரம் 23 பக்கம் வந்து சேர்ந்தது. அதிலும் முடியாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு உண்டு. ஆனால் அது நீண்ட காத்திருப்பு. அதை எதிர்பார்த்து மற்ற வேலைகளை நிறுத்திவைக்காதீர்கள்.

அந்த 23 பக்கத்தில் எங்களுக்குக் கிடைத்தது இது: மடைக்கு மதிப்பீடு தயாராகி மேலே போயிருக்கிறது. ஒரு வரைபடம் விட்டுப்போனதால் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்த கோப்பை மறுபடி யாரும் மேலே அனுப்பவில்லை. பதினோரு மாதம் அது ஒரு மேஜையில் கிடந்திருக்கிறது. நிதி இல்லை, நிதி இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க, நிதி கேட்கும் காகிதமே போகவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

4. மனுவைக் கேள்வியாக மாற்றுங்கள்

கோப்புறையோடு ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனபோது அவருடைய உதவியாளர் நிதானமாக எல்லாவற்றையும் படித்துவிட்டு, ‘‘அண்ணாச்சி, எல்லாம் இருக்கு. ஆனா இதுல கேள்வி எங்க இருக்கு? இது மனுல்லா’’ என்றார். அவர் சொன்ன அந்த வித்தியாசத்துக்கு நான் இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தால் பொதுவாக அவருடைய லெட்டர்பேடில் ஒரு பரிந்துரைக் கடிதம் துறைக்கோ ஆட்சியருக்கோ போகும். அது நல்லதுதான். ஆனால் அந்தக் கடிதத்துக்கு அமைச்சர் அவையில் பதில் சொல்ல வேண்டியதில்லை. பேரவைச் செயலகத்துக்குக் கேள்வியாகப் போனால் துறை பதில் தயாரிக்க வேண்டும். பதில் தயாரிக்க, மேஜையில் கிடக்கும் கோப்பை யாராவது எடுத்துத் திறக்க வேண்டும். ஆகவே ‘பரிந்துரை செய்யுங்கள்’ என்று கேட்காமல், ‘இதைக் கேள்வியாகக் கொடுங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நம் சட்டமன்றத்தில் வழக்கமாக வரும் கேள்வி, ‘இன்ன ஊரில் இன்னது அமைக்க அரசு முன்வருமா?’ என்பது. அதற்கு வழக்கமாக வரும் பதில், ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ அல்லது ‘அத்தகைய கருத்துரு ஏதும் அரசிடம் இல்லை’ என்பது. கேள்வி முடிந்தது, ஊருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆர்டிஐயில் கிடைத்த தேதிகளை உள்ளே வைத்துக் கேட்டால் இப்படி நழுவ முடியாது. நாங்கள் எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இது (மறுகால் என்பது குளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் இடம்):

‘நீர்வளத்துறை அமைச்சர் அவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பார்களா:

(அ) இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன குளத்தின் பெரிய மடை 18-12-2023 அன்று உடைந்ததை அரசு அறியுமா;

(ஆ) அதைச் சீரமைக்கும் மதிப்பீடு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது;

(இ) திருத்திய மதிப்பீடு மீண்டும் அனுப்பப்பட்டதா; ஆம் எனில் எப்போது, இல்லை எனில் காரணம் என்ன;

(ஈ) மடையும் மறுகால் பக்கச் சுவரும் எந்த நிதியாண்டில் கட்டி முடிக்கப்படும்?’

அதிகாரி பெயர் இல்லை. குற்றச்சாட்டு இல்லை. அழுகை இல்லை. கோபம் எனக்கு நிறையவே இருந்தது, அதையெல்லாம் கேள்விக்கு வெளியே வைத்துவிட்டேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஆதாரங்களைப் பின்னால் எண் போட்டு இணையுங்கள். (ஆ)வுக்கு ஆதாரம் இணைப்பு 3 என்பது போல. உதவியாளருக்கு வேலை எவ்வளவு குறைகிறதோ, உங்கள் கேள்வி அவ்வளவு சீக்கிரம் சென்னைக்குப் போகும்.

5. யாரிடம் கொடுப்பது, எப்போது கொடுப்பது

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.தான் கேட்க வேண்டும் என்று விதி இல்லை. பேரவையில் 234 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் தொகுதிக்காரரும் கேட்கலாம், எந்தக் கட்சிக்காரரும் கேட்கலாம். இது முக்கியமாகிற சூழல் ஒன்று உண்டு. உங்கள் உறுப்பினர் அமைச்சராகவோ சபாநாயகராகவோ இருந்தால் அவர் பதில் சொல்லும் இடத்திலோ அவையை நடத்தும் இடத்திலோ இருக்கிறார், கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை. 2021இல் அமைந்த பேரவையில் ராதாபுரம் உறுப்பினர் மு. அப்பாவு சபாநாயகரானார். அப்படிப்பட்ட தொகுதிக்காரர்கள் நேரில் சொல்லிக் காரியம் நடத்திக்கொள்ளலாம், ஆனால் கேள்விக்கு வேறொரு உறுப்பினரைத்தான் நாட வேண்டும்.

ஆனால் ஒரே கேள்வியை நாலு பேரிடம் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். நாலாவது ஆளுக்குத் தெரிந்தால் நாலு பேரும் விட்டுவிடுவார்கள்.

பேரவை நடக்கும்போது போனால் ஆள் சென்னையில் இருப்பார். கூட்டத்தொடருக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு துறை வாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்கும் நிதி கேட்கும் விவாதம், நடக்கும். உங்கள் துறையின் நாள் எது என்று பத்திரிகையில் பார்த்து வையுங்கள். அன்றைக்கு அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும், இணையத்திலும் கிடைக்கும். உங்கள் மாவட்டத்துக்கு என்ன பணி சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். நீர்வளத்துறைக் குறிப்பில் தாமிரபரணி வடிநிலம் பற்றிய பக்கங்களைப் படித்துத்தான் எங்கள் குளம் எந்தத் திட்டத்திலும் சேரவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். வேலை நடக்காதது மட்டுமல்லாமல் பணம் வீணானது என்ற சந்தேகமும் இருந்தால், கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகளையும் பாருங்கள். அவை பேரவையில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகின்றன. தணிக்கையின் ஒரு பத்தி எண்ணைக் கேள்வியில் சேர்க்க முடிந்தால் அதைவிடப் பலமான இணைப்பு வேறில்லை.

வாய்மொழிப் பதில்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். கேள்வி நேரம் நேரலையில் வருவதால் தங்கள் ஊர்ப் பெயர் டிவியில் ஒலிக்க வேண்டும் என்று பலருக்கு ஆசை. எழுத்துப்பூர்வமான பதில் கிடைத்தால் அதில் தேதி இருக்கும், கையில் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

இடைத்தரகர் பற்றி ஒன்று. கேள்வி போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்குக் கட்டணமே கிடையாது.

6. மனுக்கள் குழு வரும்போது தயாராக இருங்கள்

சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டம் மாவட்டமாக வரும். வருவதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பத்திரிகைச் செய்தி வரும், கடைசித் தேதி அதில் இருக்கும். இடைவெளி சில வாரங்கள்தான். கோப்புறை தயாராக இருப்பவர்களால் மட்டும்தான் அந்தத் தேதியைப் பிடிக்க முடியும்.

மனுவைத் ‘தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009’ என்று விலாசமிட்டு, ஆட்சியர் அலுவலகம் வழியாகக் கொடுக்கச் சொல்வார்கள். வழக்கமான நிபந்தனைகள்: தமிழில் இருக்க வேண்டும், தேதியோடு கையெழுத்து வேண்டும், ஐந்து நகல் வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை.

கடைசி நிபந்தனையில்தான் பாதி மனுக்கள் விழுகின்றன. பக்கத்து ஊர்க்காரர்கள் மடை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், பஸ், தெருவிளக்கு நாலையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நாலு தனித் தாள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல் என்று எழுதியிருக்க வேண்டும். ஜெராக்ஸ் செலவு கூடுமே என்று யோசித்தால் நாலும் போய்விடும்.

குழு எடுக்காத விஷயங்கள்: தனிநபர் குறை, வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன், இடமாற்றம், அரசு அலுவலர்மீது புகார், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு.

இதில் வழக்கு பற்றித் தனியாகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சில இளைஞர்கள், ‘‘மதுரை ஐகோர்ட் கிளையில ஒரு பொதுநல வழக்கு போட்ருவோம்’’ என்று துடித்தார்கள். அவர்கள் துடிப்பு நியாயமானது. ஆனால் வழக்கு நிலுவையில் இருந்தால் மனுக்கள் குழு கதவு மூடிக்கொள்ளும், அவையில் கேள்வி கேட்பதும் தடைபடும். இரண்டும் தோற்ற பிறகு கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட்டில் நிற்கும்போது இந்த இரண்டுக்கும் திரும்ப முடியாது. வரிசையை யோசித்து முடிவு செய்யுங்கள்.

7. விஷயம் டெல்லிக்குரியது என்றால்

முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்துப் பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் உதவித்தொகை, நாங்குநேரி ரயில் நிறுத்தம், நான்குவழிச் சாலையில் அணுகு சாலை போன்றவை. முறை அதேதான், அளவுகள் மட்டும் வேறு.

மக்களவைக் கேள்வி பொதுவாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது. பதில் நாளுக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னால் எம்.பி. அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். நாளொன்றுக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்வி, எழுத்துப் பதிலுக்கு 230 கேள்வி என்ற வரம்பில் குலுக்கல் உண்டு. அதனால் ஒரே தடவையில் வராவிட்டால் சோர்ந்துவிடாமல், அடுத்த வாரத்துக்கு மறுபடி போடச் சொல்லுங்கள். நிதிநிலைத் தொடர், மழைக்காலத் தொடர், குளிர்காலத் தொடர் என்று வருடத்துக்கு மூன்று முறை அவை கூடும். ஜூலைத் தொடருக்கு ஜூன் முதல் வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வியில் வராவிட்டால் மக்களவையின் 377ஆவது விதியின்கீழ் 250 சொல்லுக்குள் ஒரு விஷயத்தை எழுப்பச் சொல்லலாம். அதற்கு அமைச்சகம் எம்.பி.க்கு எழுத்தில் பதில் அனுப்பும். அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேசினால் வீடியோ கிடைக்கும், ஆனால் அமைச்சர் பதில் சொல்லக் கட்டாயமில்லை. எது வேண்டும் என்று எம்.பி. அலுவலகம் கேட்டால் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துச் சொல்லுங்கள். மக்களவையில் இடம் கிடைக்காவிட்டால் மாநிலங்களவை உறுப்பினர்களையும் நாடலாம். தமிழ்நாட்டுக்கு 18 பேர் இருக்கிறார்கள், எந்த ஊர்ப் பிரச்சினையையும் அவர்கள் எழுப்பலாம்.

நூறு நாள் வேலைக் கூலி பாக்கி, வீடு கட்டும் திட்டம் போன்றவற்றுக்கு டெல்லி வரைகூடப் போக வேண்டாம். திஷா என்ற மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு எம்.பி. தலைமையில் காலாண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும். அதிகாரிகள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு எம்.பி. கையில் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தால் அங்கேயே பதில் வாங்கலாம்.

8. பதில் வந்த அன்றுதான் அடுத்த வேலை தொடங்குகிறது

எங்கள் கேள்விக்கு வந்த பதிலின் கடைசி வரி: ‘திருத்திய மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது, நிதி ஒதுக்கீடு பெற்று மடை, மறுகால் பக்கச் சுவர் பணிகள் மேற்கொள்ளப்படும்.’ ஊரில் பலர் முகம் தொங்கிவிட்டது. ‘‘பழைய பாட்டுத்தானவே’’ என்றார் நீர்க்கட்டி.

பழைய பாட்டு இல்லை. ‘மேற்கொள்ளப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘விசாரித்துத் தெரிவிக்கிறேன்’ என்று அமைச்சர் அவையில் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று மக்களவையிலும் உண்டு, நம் சட்டமன்றத்திலும் உண்டு. மக்களவையில் உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அவகாசம் கேட்க வேண்டும். மக்களவை கலைந்தாலும் நிலுவை உறுதிமொழிகள் காலாவதியாவதில்லை. கேள்வி அறிவிப்புகள் கலைப்போடு போய்விடும். அதனால் தேர்தல் நெருங்கும் காலத்தில் புதுக் கேள்வியை விட, கிடைத்த உறுதிமொழியைப் பிடித்துத் தொங்குவதே நல்லது.

செய்ய வேண்டியது இவ்வளவு: பதில் நகலை எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து வாங்குங்கள். மக்களவைப் பதில் என்றால் நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி கொடுத்து எடுக்கலாம். பிறகு ‘இந்த உறுதிமொழியை நிறைவேற்ற எடுத்த நடவடிக்கைக் கடிதங்களின் நகல்’ கேட்டுத் துறைக்கு மறுபடி 10 ரூபாய் வில்லையோடு ஆர்டிஐ போடுங்கள். குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படும் முன்பு அதன் உள் நடவடிக்கைகளைக் கேட்காதீர்கள். அவையின் உரிமையைக் காட்டி மறுப்பார்கள், 30 நாள் போய்விடும். உறுதிமொழிக் குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும் செய்தி தெரிந்தால், இடத்தைப் பார்க்கச் சொல்லித் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம், போட்டோவோடு.

காலமும் செலவும் என் நோட்டில் இருக்கும்படி: கிராம சபைத் தீர்மான நகல் கைக்கு வர ஆறு வாரம், ஆர்டிஐயும் மேல்முறையீடும் சேர்த்து இரண்டரை மாதம், கேள்வி கொடுத்ததிலிருந்து பதில் வர நாலு மாதம். வில்லை, நகல், ஜெராக்ஸ், தபால், பஸ் எல்லாம் சேர்த்து 1,380 ரூபாய். இதில் பெரும்பகுதி பஸ்.

மடை கட்டி முடிந்துவிட்டது. புது ஷட்டரைத் திறந்து போன பிசானத்துக்குக் கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போனது. மறுகால் பக்கச் சுவர் இன்னும் அடித்தளத்தோடு நிற்கிறது. அவையில் சொன்ன பதிலில் இரண்டு பணியும் இருப்பதால் கணக்கு இன்னும் தீரவில்லை. கட்டிய மடை ஒரு பக்கம், கட்டாத சுவர் ஒரு பக்கமாக இரண்டு போட்டோவை ஒரே தாளில் அச்செடுத்து, பதில் நகலோடு உறுதிமொழிக் குழுத் தலைவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்து சேர்ந்தது, கோப்புறையில் 41ஆவது தாளாக வைத்திருக்கிறேன்.